கார் செட்டில் பிளேயர் பாடவில்லையா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டாவில் எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் புகார் காதில் விழும்: "அண்ணே, செட்டு பாட மாட்டேங்குது." வந்தவர் கையில் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய ஐபாட் இருக்கும். இல்லாவிட்டால் மெமரி கார்டு போடும் குட்டி எம்பி3 பிளேயர், அல்லது சிம்மைக் கழற்றிவிட்டுப் பாட்டுக்கென்றே ஒதுக்கிய போன். கடைக்காரர் அவசரக்காரராக இருந்தால் உடனே டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பிப்பார். செலவு அங்கேதான் தொடங்குகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலும் செட்டும் கெட்டிருக்காது, பிளேயரும் கெட்டிருக்காது. நடுவில் ஓடும் ஒயர், எர்த், ஏதோ ஒரு செட்டிங், இவற்றில் ஒன்றில்தான் வினை இருக்கும். பாடவே இல்லையா, ஒரு பக்கம்தான் பாடுகிறதா, குரல் மட்டும் காணோமா, கூடவே ஏதாவது ஊளையிடுகிறதா என்று கவனியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் அப்புறம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்று சோதனை. பிளேயரில் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். நன்றாகக் கேட்டால் பிளேயர் தப்பித்தது. செட்டில் ரேடியோ போடுங்கள். எல்லா ஸ்பீக்கரும் பாடினால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் தப்பித்தன. பிறகு அதே ஒயரில் வேறொரு போனைச் செருகுங்கள். அதிலும் அதே கோளாறு வந்தால் ஒயரையோ செட்டின் ஆக்ஸ் துளையையோ (வெளியிலிருந்து பாட்டு ஒயரைச் செருகும் துளை) பிடித்துவிட்டீர்கள். இது தெரியாமல் கீழே படிப்பதில் பயனில்லை.

"ஒண்ணுமே கேக்கல"

செட்டு ஆக்ஸ் மோடில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்டுகளில் மெனுவுக்குள் போய் ஆக்ஸை ஆன் செய்தால்தான் மோடு பட்டனில் அது வரிசைக்கு வரும். அடுத்து பிளேயரின் வால்யூம். ஆக்ஸ் ஒயர் எடுத்துப் போவது ஹெட்போனுக்குப் போகும் அதே சத்தத்தைத்தான். பிளேயரில் குறைத்து வைத்துவிட்டுச் செட்டில் எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். பிளேயரில் முக்கால் அளவு வைத்துவிட்டு மீதியைச் செட்டில் கூட்டுவது சரியான முறை. பிளேயரில் முழு வால்யூமும் வைத்து, ஈக்வலைசரில் பேஸையும் ஏற்றினால் சத்தம் பிளந்துகொண்டு வரும். அதைக் கேட்டு "ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சு" என்று புது ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? தடித்த கவர் போட்ட போனில் பின் நெல்லளவு வெளியே நிற்கும். அது போதும் சத்தம் வராமல் இருக்க. சட்டைப் பையிலேயே கிடக்கும் பிளேயரின் துளையில் பஞ்சும் தூசும் அடைந்திருக்கும். பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊக்கு வேண்டாம். நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பின் மங்கிப் பச்சை பிடிக்கும். காண்டாக்ட் கிளீனர் தெளித்துத் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் மோசமாகும்.

ஒன்று மறந்துபோவார்கள்: கம்பெனி செட்டைக் கழற்றி வேறு செட்டு மாட்டிய வண்டியில், கியர் அருகே இருக்கும் பழைய ஆக்ஸ் துளை பின்னால் எதிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும். புது செட்டின் முகப்பில் உள்ள துளையில் செருகுங்கள்.

"மியூசிக் வருது, பாடுறவங்களக் காணோம்"

வேடிக்கையாகத் தோன்றும் கோளாறு இது. வயலின் கேட்கும், கோரஸ் கேட்கும், குரலின் எதிரொலி மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும், பாடகர் இருக்க மாட்டார். எர்த் சேரவில்லை என்று அர்த்தம்.

ஆக்ஸ் பின்னின் நுனி இடது பக்கத்துக்கு, நடு வளையம் வலது பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் விட்டுப்போனால் மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லாமல் இடதுக்கும் வலதுக்கும் இடையிலேயே ஓடும். செட்டுக்குக் கிடைப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஒலிப்பதிவில் பாடகர் குரலை வழக்கமாக நட்ட நடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பார்கள். சமமானது கழிந்துபோகும், ஓரமாக வைத்த வாத்தியமும் எதிரொலியும் மிஞ்சும்.

சந்தேகம் இருந்தால் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அவருடைய நாகசுரம் இரண்டு பக்கமும் ஒரே சத்தமாகத்தான் இருக்கும். எர்த் விட்டுப்போன ஒயரில் அதைப் போட்டால் நாகசுரம் அநேகமாகக் காணாமல் போகும், இசைத்தட்டின் கரகரப்பு மட்டும் லேசாக மிஞ்சினாலும் மிஞ்சும். புதுப் படப் பாட்டைப் போட்டால் மியூசிக் மட்டும் வரும். இந்த இரண்டும் நடந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

எர்த் ஏன் சேரவில்லை? பெரும்பாலும் ஒயர் தப்பு. பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் பாட்டுக்கான சாதாரண பின். மூன்று வளையம் என்றால் மைக்கும் சேர்ந்த பின். அதில் எர்த் அடியில் இல்லாமல் ஒரு படி மேலே இருக்கும். கார் செட்டின் துளை அடிப்பகுதியைத்தான் எர்த் என்று பிடிக்கும், அங்கே இருப்பது மைக் ஒயர். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குரல் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் இதேதான். பாதி இழுத்த நிலையில் டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்காமல், இரண்டு முனையிலும் இரண்டு வளையம் உள்ள ஒயர் வாங்கிவிடுங்கள். சரியான ஒயரிலும் இதே கோளாறு வந்தால், பின்னின் கழுத்தில் ஒயர் மடங்கும் இடத்தில் எர்த் இழை அறுந்திருக்கும். அந்த இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தால் குரல் வந்து வந்து போகும்.

இதில் ஒரு மாயமும் உண்டு. குரல் காணாமல் போன நேரத்தில் பிளேயரை வண்டியின் சார்ஜரில் போட்டால் குரல் திரும்பிவிடும், கூடவே ஓர் ஊளையும் சேரும். சார்ஜரின் நெகட்டிவ் வழியாக எர்த் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறது. "சார்ஜ் போட்டாத்தான் பாடுது, பேட்டரி வீக்கு" என்று பிளேயருக்குப் புது பேட்டரி தேடுபவர்களின் கோளாறு சில சமயம் ஒயரில்தான் இருக்கும்.

"ஒரு பக்கம் மட்டும்தான்"

பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா? ரேடியோவில் இரண்டு பக்கமும் கேட்கிறதா? ரேடியோவிலும் ஒரு பக்கம்தான் என்றால் பிளேயருக்குச் சம்பந்தமில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும்போது விட்டு விட்டு வந்தால் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர் அறுந்திருக்கும். ஆக்ஸில் மட்டும் ஒரு பக்கம் என்றால் ஒயரை மாற்றுங்கள், தீர்ந்தது. மாற்றியும் தீராவிட்டால் ஆக்ஸ் துளையின் உள்ளே இருக்கும் தகடு தளர்ந்திருக்கும். அதைச் சால்டர் வைக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

"ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஊளையிடுது"

இதற்குத்தான் அதிகம் பேர் அலைகிறார்கள். சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜின் வேகம் ஏற ஏற 'ஊய்ங்' என்று ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியிலிருந்து வருவது. இன்ஜின் எப்படி ஓடினாலும் மாறாமல் மெல்லிதாக 'சீ...' என்று இருந்தால் மலிவு சார்ஜரின் வேலை. சார்ஜரை மாற்றினால் போகும். 'டிரிக்கிடி டிரிக்கிடி' என்று விட்டு விட்டு வந்து, பிறகு போன் அடித்தால், சிக்னல் வலுவில்லாத இடத்தில் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசுகிறது. போனை ஆக்ஸ் ஒயரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டிக் டிக் என்றால் செட்டின் எர்த்தே சரியில்லை.

முதல் வகைக்கு வருவோம். சார்ஜரில் போட்ட பிளேயருக்கு எர்த் இரண்டு வழியில் கிடைக்கிறது: லைட்டர் சாக்கெட் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஒன்று. வண்டியின் பாடி முழுக்க எர்த் என்றாலும், ஆல்டர்னேட்டரின் மின்சாரம் அதே பாடியில் ஓடுவதால் இந்த இரண்டு இடத்துக்கும் நூலிழை அளவு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஆக்ஸ் ஒயரின் எர்த்தில் ஓடிப் பாட்டோடு கலந்துவிடும். செட்டு அதையும் பாட்டென்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

இன்ஜின் ஓடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள். ஊளை நின்றால் இதுதான். பைசா செலவில்லாத மருந்து, பிளேயரைப் பவர் பேங்கில் போட்டுவிட்டுப் பவர் பேங்கை வண்டியில் செருகாமல் இருப்பது. அது முடியாது என்றால் ஆக்ஸ் ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற குட்டிப் பெட்டியை மாட்டலாம். அதற்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மலிவுப் பெட்டியில் ஒரு குறை: அடிச்சத்தம் மெலியும். சினிமாப் பாட்டில் பெரிதாகத் தெரியாது. கச்சேரி கேட்பவருக்கு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இளைத்துப்போனது உடனே தெரியும். அவர்களுக்கு என் ஓட்டு பவர் பேங்குக்கே.

சார்ஜரைப் பிடுங்கியும் ஊளை போகவில்லையா? இப்போது ஆக்ஸ் ஒயரைப் பிளேயரிலிருந்து கழற்றி, செட்டில் மட்டும் விட்டு வையுங்கள். அப்போதும் ஊளையிட்டால் செட்டின் கறுப்பு ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைத் தேடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி, கடலோர வண்டி என்றால் அந்த இடம் துருவேறியிருக்கும். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருப்பதும் சகஜம். பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பக்கத்தில் யாராவது "ஆக்ஸ் ஒயர்ல எர்த்த வெட்டி விட்டுருங்க, ஊளை போயிடும்" என்பார். ஊளை போகும், பாடகரும் கூடவே போய்விடுவார்.

எலக்ட்ரீசியனிடம் போவதானால் "இரைச்சலா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ஜின் வேகத்தோடு மாறுகிறது, சார்ஜரை எடுத்தாலும் இருக்கிறது என்று சொன்னால் அவர் நேராக எர்த் போல்ட்டுக்குப் போவார்.

"திருச்சியில நல்லா இருந்துச்சு, நாகூர் போறதுக்குள்ள யாரோ பேசுறாங்க"

லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கதை இது. அது ஒரு குட்டி வானொலி நிலையம்: பிளேயரின் பாட்டை அனுப்பும், செட்டின் ரேடியோ வாங்கிப் பாடும். அலைவரிசையில் வலுவான நிலையம் குறுக்கிட்டால் அது தோற்கும். திருச்சியில் 93.5, 102.1, 106.4 ஆகியவற்றில் நிலையங்கள் உண்டு. காரைக்கால் வானொலி 100.3. கொடைக்கானல் 100.5 மலையிலிருந்து வருவதால் சமவெளியில் வெகுதூரம் எட்டும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போனால் கடல் தாண்டி இலங்கை நிலையங்களும் நுழையும். ஆக, தஞ்சாவூரில் காலியாக இருந்த அலைவரிசை, தேசிய நெடுஞ்சாலை 83இல் திருவாரூர் தாண்டி நாகை நெருங்கும்போது காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரேடியோவை மெதுவாகத் திருப்பி, 'புஸ்' என்று வெறும் காற்று மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். லேசாகக்கூடப் பேச்சு கேட்கக் கூடாது. அதற்கு இரு பக்கமும் 0.2 தள்ளியும் காலியாக இருந்தால் நல்லது; 100.3, 100.5 இரண்டும் அக்கம்பக்கம் இருப்பதால் அந்தப் பகுதியை விட்டு விலகியே இருங்கள். புறப்படும் ஊருக்கு ஒன்று, போய்ச் சேரும் ஊருக்கு ஒன்று என இரண்டு அலைவரிசை செட்டின் நினைவில் போட்டு வைத்தால் ஓட்டும்போது தடவ வேண்டாம். சத்தம் பிளந்தால் பிளேயர் வால்யூமைக் குறையுங்கள். மற்றபடி, எஃப்.எம். 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, சலங்கையின் மினுக்கு கொஞ்சம் மழுங்கித்தான் வரும். செட்டில் ஆக்ஸோ யு.எஸ்.பி.யோ புளூடூத்தோ இருக்கும்போது இதை வாங்குவது வீண் செலவு என்பேன்.

"யு.எஸ்.பி.யில சார்ஜ் ஏறுது, பாட்டு வரல"

ஒயருக்குள் நான்கு கம்பி வேண்டும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு ஒயர் பலவற்றில் கரண்டுக் கம்பி மட்டும்தான் இருக்கும். அதே ஒயரில் பிளேயரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் ஒயரைத் தூக்கிப் போடுங்கள்.

ஒயர் சரி என்றால் அடுத்தது பேச்சு முறை. பழைய செட்டுக்குப் பென்டிரைவ் மாதிரி நடந்துகொள்ளும் கருவிதான் புரியும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் எம்.டி.பி. என்ற வேறு முறையில் பேசும்; பல செட்டுகள் அதைக் கண்டுகொள்ளாது. அதற்கு வைத்தியம் இல்லை, ஆக்ஸுக்கோ புளூடூத்துக்கோ போங்கள். சில எம்பி3 பிளேயர்களில் யு.எஸ்.பி. மோடு என்ற செட்டிங்கில் எம்.டி.பி., எம்.எஸ்.சி. என்று இரண்டு இருக்கும், எம்.எஸ்.சி.யைத் தேர்ந்தெடுத்தால் செட்டு அதைப் பென்டிரைவ் என்று ஏற்றுக்கொள்ளும். அப்போது பிளேயரின் திரையில் படம் மட்டும் நின்று பட்டன் எதுவும் வேலை செய்யாது. பயப்பட வேண்டாம், பாட்டை மாற்றுவது இனி செட்டின் பட்டனில்.

மெமரி கார்டைப் பெரிதாக மாற்றியதும் நின்றுவிட்டதா? 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய செட்டுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். பாட்டுக்கு 32 ஜிபி தாராளம். சின்ன கார்டே போடுங்கள். சில பாட்டு மட்டும் தாண்டிப் போனால் அவை ஃபிளாக், எம்4ஏ வகையாக இருக்கும், எம்பி3யாக மாற்றுங்கள். தமிழில் பெயர் வைத்த பாட்டெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிவது கோளாறே இல்லை, செட்டில் தமிழ் எழுத்து இல்லை. வரிசை குலைந்து பாடினால், பல செட்டுகள் அகர வரிசை பார்க்காமல் கார்டில் ஏறிய வரிசையில் பாடும் என்பதை நினைவில் வைத்து, பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

"புளூடூத் சேந்துடுச்சு, பாட்டு போன்லயே கேக்குது"

போனின் புளூடூத் பட்டியலில் செட்டின் பெயரைத் தட்டினால் அழைப்புக்கு ஒன்று, மீடியாவுக்கு ஒன்று எனத் தனித்தனி சுவிட்ச் இருக்கும். மீடியா அணைந்திருந்தால் போன் பேச மட்டும் முடியும். சேரவே மறுத்தால் இரண்டு பக்கமும் பழைய பெயர்களை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கல்யாண வேனில் ஏறிய சித்தப்பா, மச்சான் எல்லாருடைய போனும் செட்டின் பட்டியலை நிரப்பியிருக்கும். எண் கேட்டால் 0000 அல்லது 1234. சாவி திருப்பி ஸ்டார்ட் ஆகும் நொடியில் துண்டித்துச் சேர்வது சகஜம், வோல்டேஜ் இறங்குவதால் வருவது.

புளூடூத் இல்லாத பிளேயருக்காகக் கடையில் டாங்கிள் என்ற குட்டி புளூடூத் கருவி வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளேயரில் செருகுவது அனுப்பும் டாங்கிளாக இருக்க வேண்டும். கடையில் அதிகம் தொங்குவது வாங்கும் டாங்கிள். செட்டும் வாங்கும் வகை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

"கேசட் அடாப்டர் டக் டக்குன்னு பக்கம் மாறுது"

கேசட் செட்டு உள்ள அம்பாசிடர், ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு. கேசட் வடிவத்தில் செட்டுக்குள் போய், ஒயர் வழியாகப் பிளேயரோடு சேர்வது இந்த அடாப்டர். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டில் அடாப்டரின் சக்கரம் இறுகினால் டேப் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பும். அடாப்டரைத் திறந்து சக்கரங்கள் தடையின்றிச் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். சத்தம் மழுங்கினால் செட்டுக்குள் கேசட்டைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

"செட்டே ஆன் ஆகல"

லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகிய பிறகு இது நடந்ததா? சாக்கெட்டுக்குள் சில்லறைக் காசு விழுந்து பியூஸ் போயிருக்கும்; பல வண்டியில் செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் ஒரே பியூஸ். செட்டின் முதுகிலும் தனியாக ஒரு பியூஸ் உண்டு. ஆன் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்துவிடுகின்றன என்றால் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் வர வேண்டிய கரண்ட் வரவில்லை. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் சிவப்போடு மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

பியூஸ் மாற்றுவதானால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். புதுசும் உடனே போனால் பெரிய பியூஸோ, சிகரெட் பெட்டி ஈயத்தாளோ வைக்காதீர்கள், ஒயர் பற்றிக்கொள்ளும். அறுவடை சமயத்தில் களத்தோரம் நிறுத்திய வண்டியாக இருந்தால் காலடி விரிப்பைத் தூக்கி, பியூஸ் பாக்ஸிலிருந்து செட்டுக்குப் போகும் ஒயர்க்கட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்து உறை உரிந்த இடத்தில் செம்பு பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டை வெட்டி, புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் மே மாத வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.